பின்சீட்டில் முதலாளி

எனக்குச் சம்பளம் கொடுப்பது ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி. உட்கார நாற்காலி கொடுத்தது கார் ஷோரூம். விற்கிற காருக்கெல்லாம் கையோடு பாலிசி போட்டுக் கொடுக்க ஒரு ஆள் வேண்டுமே, அந்த ஆள் நான். கழிப்பறைக்குப் போகும் வழியில் என் மேசை. முதலாளி வீட்டு மனிதர்களிலும் நான் சேர்த்தி இல்லை, வேலையாட்களிலும் சேர்த்தி இல்லை. டீ வரும்போது மட்டும் என்னையும் சேர்த்துக்கொள்வார்கள்.

முதலாளிக்கு வர்த்தகர் சங்கம் விருது கொடுக்கப் போகிறது என்று தெரிந்த நாளிலிருந்து ஷோரூமில் ஒருவருக்கும் தரையில் கால் பாவவில்லை. 'ஆண்டின் சிறந்த தொழில் தலைவர் மற்றும் சமூகத் தொண்டர்' என்று விருதுக்கு ரயில் மாதிரி நீளமான பெயர். விற்பனைப் பிரிவில் மைக் என்று ஒருவன் உண்டு. அவன் ரகசியம் பேசினாலே தெருமுனைக்குக் கேட்கும், அதனால் அந்தப் பெயர். அவன் வருகிற வாடிக்கையாளரிடமெல்லாம் கார் விலையைச் சொல்வதற்கு முன் விருதைச் சொன்னான்.

முதலாளி மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. "தலைவர்னும் போட்டிருக்காங்க, தொண்டர்னும் போட்டிருக்காங்க. ரெண்டுல நான் எதுன்னு சங்கத்துல கேட்டுச் சொல்லுங்கப்பா, அதுக்குத் தகுந்த மாதிரி மேடையில நிக்கணும்" என்றார்.

விருது சும்மா வந்துவிடவில்லை. மழைக்காலம் தொடங்கும் முன் யார் வண்டியானாலும், நம்மிடம் வாங்காத வண்டியானாலும், பிரேக்கைக் காசு வாங்காமல் பார்த்துக் கொடுப்பது அவர் வழக்கம். கணவனை இழந்த பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார், அவர்களில் பாதிப் பேர் இன்று வாடகைக் கார் ஓட்டுகிறார்கள். இப்போது ஊர் ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு ஆம்புலன்ஸ் வாங்கிக் கொடுக்கிறார். விருது மேடையிலேயே அதையும் ஒப்படைப்பதாக ஏற்பாடு.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

எந்தப் புதுக் காரையும் வாங்கியவர் கையில் கொடுக்கும் முன் அவர் அதற்குள் தனியாக உட்காருவார். கண்ணாடிகளை ஏற்றிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். முதலில் ஓட்டுநர் இருக்கை, பிறகு பின்சீட்டு. "கார் வாங்கறவன் முன்னாடி உக்காருவான். அவனைப் பெத்தவங்க பின்னாடிதான் உக்காருவாங்க. அவங்களுக்கு என்ன இடிக்கும், என்ன நாறும், எங்க காத்து வராதுன்னு யாரு பாக்கறது?" என்பார். எல்லாம் சரியாக இருந்தால் மறுபடி முன்னால் வந்து ஒரே ஒரு ஹார்ன். அந்த ஹார்ன் கேட்ட பிறகுதான் பெட்ரோல் ஊற்றுவார்கள். அதுவரை காரைத் தள்ளித்தான் நகர்த்த வேண்டும்.

அவர் உள்ளே இருக்கும்போது யாரும் கண்ணாடியைத் தட்டக் கூடாது. வெளியே நிழலாடினால் கண்ணைத் திறக்காமலே உள்ளங்கையைத் தூக்கிக் காட்டுவார். 'இரு, வரேன்' என்று அர்த்தம். அவருடைய ஒரே மகள் படிப்பு முடித்துத் தொழிலுக்கு வந்த புதிதில், ஏதோ அவசரப் போன் என்று ஒருமுறை தட்டிவிட்டாள். அவர் இறங்கி வந்து அத்தனை பேர் முன்னாலும் கேட்டார். "உள்ள நான் தூங்கறேனா? வேலை பாக்கறேன். தட்டாதே." அன்றைக்கு அவள் முகம் சுண்டிப்போனது. ஆனால் அதற்குப் பிறகு அந்த விதிக்கு அவளே காவல். இப்போது நிர்வாகம் முழுக்க அவள் கையில். எல்லோருக்கும் மேடம். அப்பாவுக்கும் பட்டறை ஃபோர்மேனுக்கும் மட்டும் இன்னும் பாப்பா.

விருது அன்று காலையிலிருந்து மழை விட்டபாடில்லை. ஷோரூம் வாசலில் மிதியடி போட்டும் தரையெல்லாம் சேறு. துடைக்கிற அம்மாள் துடைத்துக்கொண்டே வைதுகொண்டிருந்தார். ஓட்டிப் பார்க்கக் கொடுக்கிற கார்களை எல்லாம் வரிசையாக நிறுத்தி அழகு பார்க்க வேண்டும் என்று சங்கத்தார் மண்டபத்துக்கு எடுத்துப் போய்விட்டார்கள். முதலாளி வீட்டுக் கார்கள் உட்பட. ரிப்பன் கட்டிய ஆம்புலன்ஸும் அங்கேதான் நின்றது.

அன்றைக்கும் ஒரு டெலிவரி இருந்தது. ஒரு பள்ளிக்கூட டீச்சர் வயதான அப்பா அம்மாவோடு வந்து சோபாவில் காத்திருந்தார். மகள் சொல்லிப் பார்த்தாள்.

"அப்பா, இன்னைக்கு ஒருநாள் நான் உக்காந்து பாக்கறேனே. நீங்க வீட்டுக்குப் போய்க் கிளம்புங்க."

"நீ முன்னாடி உக்காந்து பாப்ப. பின்னாடி உக்கார உனக்கு இன்னும் வயசாகல" என்று சொல்லி, போனை வழக்கம்போல அவள் கையில் கொடுத்துவிட்டு, அவர் காருக்குள் போனார். வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்டு விறைப்பாக இருந்தது.

அந்த நேரத்தில் கோழிக்கடைக்காரர் ஒருவர் தன் பழைய வேனைக் கொடுத்துவிட்டுப் புதிது எடுக்கலாமா என்று கேட்டு வந்திருந்தார். கூண்டுகளோடே வந்திருந்தார். மைக் மூக்கைப் பொத்திக்கொண்டே வேனைச் சுற்றி வந்து, "அண்ணே, இதை எடைக்குத்தான் போடணும். எடைக்காரன் எடுத்தா உங்க அதிர்ஷ்டம்" என்று சொல்ல, அவர், "ஓடுதா இல்லையான்னு பாருய்யா. மணக்குதான்னு ஏன் பாக்கற?" என்று சண்டைக்கு நின்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

சங்கத்திலிருந்து கேமராக்காரர் வந்தார். முதலாளியைப் பற்றி ஒரு சின்னப் படம் முன்னமே எடுத்து முடித்திருந்தார்கள். கடைசியில் சேர்க்க இன்றைய காட்சி ஒன்று வேண்டுமாம்.

"சார் எங்கே மேடம்?"

"அதோ, கார்ல. வேலையில இருக்காரு. கிட்டப் போகாதீங்க, இங்கிருந்தே எடுங்க. அவரோட வேலையே இதுதான்" என்றாள் மகள். சொல்லும்போது அவள் குரலில் பெருமை. கேமரா ஓடிக்கொண்டிருந்தது. பின்சீட்டில் சாய்ந்திருந்த முதலாளி கையைத் தூக்கினார். உள்ளங்கை கண்ணாடியில் பட்டது. மகள் சிரித்து, கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள். பிறகு கேமராக்காரரை நகர்த்திக்கொண்டு போனாள். "பாத்தீங்களா, தொந்தரவு பண்ணாதேங்கறாரு. வாங்க, பட்டறையைக் காட்டறேன்."

என் மேசையிலிருந்து நானும் பார்த்தேன். அந்தக் கையை நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

டீ வந்தது. பிஸ்கட் வந்தது. டீச்சரின் அப்பா, "இன்னும் நேரமாகுமாம்மா?" என்று கேட்டார். "உங்களுக்காகத்தான் பாத்துக்கிட்டிருக்காரு ஐயா. நீங்க உக்காரப் போற இடத்துல உக்காந்திருக்காரு" என்றாள் மகள். பெரியவர் மனம் நெகிழ்ந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவருக்கு இங்கிருந்தே கும்பிடு போட்டார். உள்ளிருந்து பதில் இல்லை. கண்ணை மூடியிருப்பவர் எப்படிப் பார்ப்பார் என்று யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது. முதலாளியின் மனைவி இறங்கினார். அவர் ஷோரூமுக்கு வருவதே அபூர்வம். "கார்க்காரன் பொண்டாட்டிக்கு ஆட்டோதான் கிடைச்சது" என்று சொல்லிக்கொண்டே குடையை மடக்கினார். கையில் கோட்டு. "இதை மாட்டிக்கிட்டு இங்கிருந்தே மண்டபத்துக்குப் போயிடலாம்னு கொண்டுவந்தேன். எங்க அவரு?"

"அம்மா, அப்பா உள்ள இருக்காரு. இப்ப வந்துடுவாரு. உக்காரு, டீ குடி."

அம்மா உட்காரவில்லை. காரைப் பார்த்தபடியே நின்றார்.

"வெளிய போனாரா?"

"எங்கேயும் போகல. ஏம்மா?"

"சட்டைக் காலர் நனைஞ்சிருக்கு."

"மழைல..."

"வெளிய போகலங்கற, அப்புறம் என்ன மழை? நானே கஞ்சி போட்ட சட்டை அது. தொங்கிப் போயிருக்கு பாரு."

"அம்மா, கிட்டப் போகாதே, அப்பா திட்டுவாரு" என்று மகள் கையைப் பிடித்தாள். அம்மா அந்தக் கையை உதறினார். உதறிய வேகத்தில் கோட்டு சேற்றுத் தரையில் விழுந்தது. நேரே போய்க் கார்க் கதவைத் திறந்தார்.

முதலாளி அவர் மேல் சரிந்தார்.

முகம் சாம்பலாக இருந்தது. வியர்வை தாடையிலிருந்து சொட்டியது. மூச்சு இருந்தது. நெஞ்சை ஒரு கை பிடித்திருந்தது. இன்னொரு கை கதவுப் பிடியில் கிடந்தது. திறக்கப் பார்த்திருக்கிறார். குழந்தைகள் திறந்துவிடாமல் இருக்கப் பின்கதவில் போடுகிற பூட்டு விழுந்திருந்தது. ஹார்னோ முன்னால் இருந்தது. ஒரு ஷோரூம் நிறைய ஆட்கள் பார்த்திருக்க, கண்ணாடிப் பெட்டிக்குள் அந்த மனிதர் தனியாக இருந்திருக்கிறார்.

"வண்டியை எடுங்கடா!" என்று ஃபோர்மேன் கத்தினார்.

எந்த வண்டியை? கண்ணைப் பறிக்கிற மாதிரி அத்தனை கார்கள் நின்றன, ஒன்றிலும் பெட்ரோல் இல்லை. பாதிக் கார்களுக்குப் பேட்டரி இணைப்பே கொடுக்கவில்லை. ஓடுகிற கார்கள் எல்லாம் மண்டபத்தில் அழகுக்கு நின்றன. மைக் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான். பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் குரல் முதல்முறையாகத் தேய்ந்து போனது.

"புது ஆம்புலன்ஸ் இன்னும் அவங்க கைக்கு வரலையாம், மண்டபத்துல நிக்குதாம். பழையது..."

"பழையதுக்கு என்ன?"

"நம்ம பட்டறையிலதான் இருக்கு மேடம். சக்கரத்தைக் கழட்டித் தூக்கி நிறுத்தியிருக்கோம்."

மகளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. "பெட்ரோல் கொண்டாங்க, பெட்ரோல் கொண்டாங்க" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். கோழிக்கடைக்காரர் எல்லோரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார்.

"என்னய்யா பேசிக்கிட்டு நிக்கறீங்க? என் வண்டி ஓடும். தூக்குங்க!"

முன்சீட்டில் முதலாளியை உட்காரவைத்து, அம்மா அவரைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். பின்னால் கூண்டுகளுக்கு நடுவில் மகளும் ஃபோர்மேனும் நானும். கோழிகள் கத்தின. தெருவில் தண்ணீர் ஓடியது. கோழிக்கடைக்காரர் ஹார்னில் வைத்த கையை எடுக்கவே இல்லை. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"அண்ணே, நீங்களும் பாத்தீங்கல்ல? கையைக் காட்டுனாருல்ல? இருன்னுதானே காட்டுனாரு?"

"ஆமாம்மா. எப்பவும் காட்டறதுதானே" என்றேன். வேறு என்ன சொல்வது?

ஆஸ்பத்திரியில் அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் டாக்டர் வெளியே வந்தார். "வலி எப்போ ஆரம்பிச்சது?"

டாக்டர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"கூட யாருமே இல்லையா?"

"எல்லாரும் இருந்தோம்" என்றாள் மகள். டாக்டருக்குப் புரியவில்லை. புரியவைக்க யாராலும் முடியவில்லை.

"காலையில ரொட்டியை அப்படியே வெச்சுட்டுப் போனாரு" என்றார் அம்மா. "மேடையில பேசணுமே, அந்தப் பயம்னு நினைச்சேன். கிண்டல்கூடப் பண்ணேன்."

"இப்போதைக்கு உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனா இவ்வளவு தாமதமா வந்திருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே போனார். ஆபத்து இல்லை என்றது மகள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

சாயங்காலம் சங்கத் தலைவர் போன் செய்தார். விழாவை நிறுத்த முடியாது, மந்திரி வந்துவிட்டார், ஆம்புலன்ஸ் சாவியையாவது குடும்பத்தில் ஒருவர் வந்து ஒப்படைத்தால் ஆஸ்பத்திரி அதை இன்றே எடுத்துக்கொள்ளும் என்றார். "போயிட்டு வா" என்றார் அம்மா. "வண்டி அங்க சும்மா நிக்க வேண்டாம். இன்னைக்கு நமக்கு ஆன மாதிரி இன்னொருத்தருக்கு ஆகக் கூடாது." கோழி இறகு ஒட்டிய உடையோடு மகள் கிளம்பினாள். துணைக்கு நான்.

மண்டபம் நிறைந்திருந்தது. வெளியே நம் கார்கள் வரிசையாக மழையில் நின்றன. அவள் அவற்றைப் பார்க்காமல் நடந்தாள். முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். சங்கத் தலைவர் ஒலிபெருக்கி முன் நின்று, முதலாளி நலமாக இருக்கிறார், விரைவில் வந்துவிடுவார் என்று அறிவித்ததும் கைதட்டல். விளக்கை அணைத்துப் படம் போட்டார்கள்.

பிரேக் பார்க்கிற காட்சி வந்தது. கார் ஓட்டக் கற்றுக்கொண்ட ஒரு பெண் அழுதுகொண்டே பேசினாள். பிறகு எங்கள் ஷோரூம். சோபா, டீச்சர், தரை துடைக்கிற அம்மாள். நிறுத்தச் சொல்ல நான் எழுந்தேன். அதற்குள் அது வந்துவிட்டது.

திரை நிறைய அந்தக் கார். கேமராக்காரர் கண்ணாடியை நெருக்கமாகக் காட்டியிருந்தார். முதலாளியின் கை எழுந்தது. விரல்கள் கண்ணாடியில் வழுக்கின. வழக்கமாக மூடியிருக்கிற கண்கள் அகலத் திறந்திருந்தன. மகளையே பார்த்துக்கொண்டிருந்தன. அடுத்து மகள். ஒரு ஆள் உயரத்துக்கு அவள் சிரிப்பு. கட்டை விரல்.

'வேலையே மூச்சு' என்று எழுத்து ஓடியது. மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. மந்திரியும் தட்டினார். பக்கத்தில் இருந்த ஒரு அம்மாள் மகளின் தோளைத் தொட்டு, "கொடுத்து வெச்ச பொண்ணும்மா நீ" என்றார்.

அவள் எழுந்து மேடைக்குப் போனாள். எப்படிப் போனாள் என்று எனக்குத் தெரியவில்லை. சாவியைக் கொடுத்தாள். கேடயத்தை வாங்கினாள். இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். "வண்டியை உடனே எடுத்துட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னாள். அதற்கும் கைதட்டினார்கள்.

திரும்பி வரும்போது ஆட்டோவில் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்தாள். "கண்ணு திறந்திருந்துச்சுண்ணே."

அதற்குப் பிறகு அவளுக்கு ஆறுதல் சொல்லாத ஆள் இல்லை. டாக்டர் சொன்னார், அந்த நிலையில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது என்று. ஃபோர்மேன் சொன்னார், அவர் கையைத் தூக்கினால் இரு என்றுதான் அர்த்தம், பட்டறைக்கே தெரியும் என்று. மைக்கும் அதையே சொன்னான், மெதுவாக. அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. மகளுக்குச் சாப்பாடு எடுத்து வைத்தார், அவள் சாப்பிடுகிறாளா என்று பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். ஒருநாள் அவள் தட்டில் கையை வைத்தபடி, "அப்பா கண்ணைத் திறந்ததும் கேக்கப் போறேன்" என்றபோது, "கேக்காதே" என்றார். "கேட்டு என்ன செய்யப் போற? உசுரோட வந்துட்டாரு. அதோட விடு."

"தெரியாம என்னால இருக்க முடியாதும்மா."

"தெரிஞ்சு இருந்துடுவியா?"

முதலாளியை வார்டுக்கு மாற்றிய பிறகு நானும் போனேன். நான் கார் இன்சூரன்ஸ்காரன். ஆனால் இன்சூரன்ஸ் என்றாலே எல்லாக் காகிதமும் எனக்குத் தெரியும் என்று அந்த வீட்டில் நம்புகிறார்கள். ஆஸ்பத்திரிப் பணத்துக்கு அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. ஜன்னல் ஓரக் கட்டில். ஆள் பாதியாகியிருந்தார். என்னைப் பார்த்ததும், "பின்கதவுப் பூட்டு அந்தக் கார்ல இறுக்கமா இருக்குப்பா. டீச்சர்கிட்டச் சொல்லிட்டுத்தான் கொடுக்கணும்" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மகள் கட்டில் பக்கம் நின்றிருந்தாள். மாத்திரையைக் கொடுத்தாள். தண்ணீர் கொடுத்தாள். டம்ளரைத் திரும்ப வாங்கும்போது கேட்டாள்.

"அப்பா, அன்னைக்குக் கையைத் தூக்குனீங்களே."

"இப்ப எதுக்குடி அது?" என்றார் அம்மா.

"இருன்னு சொன்னீங்களா? இல்ல, கூப்பிட்டீங்களா?"

முதலாளி அவளைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். ஆம் இல்லை என்று எதையாவது சொல்லித் தொலைக்க மாட்டாரா என்று நான் தவித்தேன். 'இருன்னுதான் சொன்னேன்' என்று ஒரு வார்த்தை. அவள் நம்பத் தயாராக இருந்தாள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"கூப்பிட்டேன்" என்றார்.

மகள் அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். அம்மாதான் வெடித்தார். இத்தனை நாள் அடக்கி வைத்தது எல்லாம் முதலாளி மேல் போனது.

"என்ன மனுஷன் நீங்க? ஊரே எழுந்து நின்னு கைதட்டுது உங்களுக்கு. ஊருக்கெல்லாம் நல்லது பண்ணத் தெரியுது. பெத்த பொண்ணுக்கு ஒரு பொய் சொல்லத் தெரியாதா உங்களுக்கு?"

"நான் சொன்னா கண்டுபிடிச்சுடுவா" என்றார் அவர். மூச்சு வாங்கியது. மகளின் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார். "நீ கட்டை விரலைக் காட்டுனே பாப்பா. சரி, என் பொண்ணு பாத்துட்டா, இதோ வந்துடுவான்னு நினைச்சேன். அந்த நினைப்புலதான் பயமில்லாம இருந்தேன்."

அவள் அந்தக் கையை இரண்டு கையாலும் பற்றி நெற்றியில் வைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. பிறகு தலையைத் தூக்கினாள்.

"எவ்வளவு நேரம்ப்பா அப்படி நினைச்சுக்கிட்டு இருந்தீங்க?"

முதலாளி கண்ணை மூடிக்கொண்டார்.

"அதை மட்டும் கேக்காதே" என்றார்.